வளைவுச் சோதனை

தகடு இரண்டாக ஒடிந்து தரையில் விழுந்ததும் பட்டறையே சிரித்தது.

ஒடிந்தது ஃபோர்மேனின் மனைவி வெல்டிங் வைத்த தகடு. அதனால் சிரிப்பு கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது.

படகு கட்டும் கம்பெனியிலிருந்து ஆள் எடுக்க வந்திருந்த இன்ஜினியர் இரண்டு துண்டுகளையும் குனிந்து எடுத்தார். அலுமினியத்தில் இவ்வளவு அழகான வெல்டிங்கை அவர் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. பின்னல் போட்டது போல ஒரே சீர். ஆனால் அழகை வைத்து என்ன செய்வது? பற்றவைத்த இடத்தைப் பிரஸ்ஸில் கொடுத்து வளைப்பார்கள். வளைந்தால் வேலை, ஒடிந்தால் வீடு.

"கை நல்லாத்தான்மா இருக்கு. ஆனா கடல்ல ஒடிஞ்சா ஆளு போயிடும்," என்றார்.

அவள் முகத்தில் ஈயாடவில்லை.

அந்த வேலைக்காக அவள் தவம் கிடந்தாள். வேறு ஊர், தனி அறை, தன் பெயரில் சம்பளம். கிடைத்துவிடும் என்று நம்பிப் பெட்டியைக்கூடக் கட்டி வைத்திருந்தாள்.

கணவன் தடுக்கவில்லை. "தாராளமா போயிட்டு வா" என்று சிரித்த முகத்தோடு சொன்னான். வெல்டிங் டார்ச் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததே அவன்தான். இப்போது அவள் வேலைக்குப் பக்கத்தில் அவன் வேலை நிற்காது. பட்டறைக்காரர்கள் இதை அவன் முகத்துக்கு நேராகவே சொல்லிச் சிரிப்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். பொல்லாத சிரிப்பு அது.

இன்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். சூடு அதிகமாம். கம்பி தப்பாம். பொம்பளைக்கு எதுக்கு இதெல்லாம் என்று ஒருவன் முனகினான். சோதனையில் தேறிய இரண்டு பேர் அவள் கண்ணில் படாமல் நழுவினார்கள். பாவம், அவர்களுக்காவது கொஞ்சம் வெட்கம் இருந்தது.

சாயங்காலம் ஸ்கூட்டரில் கணவன் பின்னால் உட்கார்ந்து, அவன் முதுகில் நெற்றியை வைத்து அழுதாள்.

"எல்லாரும் தகட்ட அவங்கவங்களே தேடி எடுத்தாங்க. எனக்கு மட்டும் நீங்க பாத்துப் பாத்து எடுத்துக் குடுத்தீங்க. அதப் போயி ஒடிச்சுட்டு நிக்கிறேன். உங்க மானத்தையும் வாங்கிட்டேன்."

பார்த்துத்தான் எடுத்திருந்தான்.

பட்டறையின் பின்கட்டில், விமானப் பாகங்களுக்கென்று வாங்கிய அலுமினியத் தகடுகள் தனியாகக் கிடக்கின்றன. மற்ற எல்லாத் தகடுகளையும்விட உறுதியானவை. ஆனால் துளை போட்டு ரிவெட் ஆணி அடித்துத்தான் சேர்க்க வேண்டும். பற்றவைத்தால் உள்ளுக்குள்ளே விரிசல் விடும், வைத்த கை எப்பேர்ப்பட்ட கையாக இருந்தாலும் சரி. யாரும் மாற்றி எடுத்துவிடக் கூடாது என்று ஒவ்வொன்றிலும் சிவப்புக் கோடு போட்டிருப்பார்கள்.

அதில் ஒன்றின் கோட்டைக் காலையில் பெயின்ட் தின்னர் தொட்டுத் துடைக்க அவனுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ஒரு கையால் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவள் முழங்காலைத் தட்டிக் கொடுத்தான்.

"அழாதடி. அடுத்த வருசமும் வருவாங்க. அப்பவும் நானே எடுத்துத் தரேன்."

அவள் அவனை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.