மாலை போடாத படம்

புலம்பெயர்ந்து வந்து வாழும் பார்க் எக்ஸ்டென்ஷன் மாடிவீட்டின் குசினியில் வசந்தகால வெயில் டிவியின் மேல் சாய்ந்து விழுகிறது. பிரெஞ்சுச் செய்தியில், ஒரு பழைய படத்தில், ரஷ்யாவின் கடைசிச் சக்கரவர்த்தி குடும்பத்தோடு உட்கார்ந்திருக்கிறார். வெள்ளை உடுப்பில் நான்கு பெண்கள், மாலுமிச் சட்டையில் ஒரு பையன். சுட்டுக் கொல்லப்பட்ட அந்தக் குடும்பத்தில் இவ்வளவு காலமும் அகப்படாதிருந்த இரண்டு பிள்ளைகளின் எலும்புகளை இப்போது உறுதிப்படுத்திவிட்டார்களாம். ஞானசுந்தரத்தின் மனைவி கிளி முருங்கைக்காய் சீவுவதை நிறுத்திவிட்டுப் பார்க்கிறாள். அவர் அவளையே பார்க்கிறார். அவள் தலைக்கு மேலே சுவரில், சண்டைக் காலத்தில் மட்டக்களப்பில் பிடித்துக்கொண்டு போய் இன்றுவரை தகவலே இல்லாத மகன், வெள்ளைப் பள்ளிச் சட்டையோடு சிரிக்கிறான். இறந்தவர் படத்துக்குத்தான் மாலை என்று இத்தனை வருடமாக அவள் அதில் ஒரு பூ வைக்கவும் விட்டதில்லை. "எத்தின வருசத்துக்குப் பிறகாம்?" என்கிறாள். "தொண்ணூறு." அவர் கை ஜாக்கெட் பைக்குள் போய், காலையில் வாங்கிய சந்தன மாலையைத் தொடுகிறது. போட்டால் ஒரு திவசமாவது கொடுக்கலாம். வாயைத் திறக்குமுன் அவள் கதைக்கிறாள். "அந்தப் புள்ளைகளோட தாயும் தகப்பனும் ஒண்டாவே போயிட்டாங்க. இருந்திருந்தா இவ்வளவு காலம் தேடாம விட்டிருப்பாங்களா? நாம ரெண்டு பேரும் இருக்கம்தானே." எழுந்து, சேலைத் தலைப்பால் படத்தின் கண்ணாடியைத் துடைக்கிறாள், பிள்ளையின் முகத்தைத் துடைப்பதுபோல மெதுவாக. பிறகு, திரும்பாமலே, குரலைத் தணித்துச் சொல்கிறாள்: "உங்கட ஜாக்கெட்டில சந்தனம் மணக்குது. அந்த மாலைய வெள்ளிக்கிழமை முருகனுக்குப் போடுவம்."