ராஜிப் பத்திரத்தின் முதல் வரி

வழக்கைக் கோர்ட்டுக்கு வெளியே முடித்துக்கொள்ள, சாயப்பட்டறை முதலாளி பொங்கியண்ணன், தன்மேல் வழக்குப் போட்ட வேலாத்தாள் வீட்டுக்கு வந்திருந்தார். எதிராளி வீட்டில் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் ராஜிப் பத்திரத்தில் கையெழுத்து. அது அந்தப் பக்கத்து வழக்கம். சமரசம் பேசிய வக்கீல் பத்திரத்தை வாசித்தார். முதல் வரி: ‘பட்டறைக் கழிவால் கிணற்று நீருக்குக் கேடு எதுவும் இல்லை.’ இதை அவள் ஒப்புக்கொண்டால் முதலாளி ஊருக்குக் குழாய்த் தண்ணீர் தருவாராம். வேலாத்தாள் வாழையிலையை விரித்துவிட்டுச் சொம்போடு வந்தாள்.

“கை கழுவிக்குங்க.”

நீட்டிய கையைப் பொங்கியண்ணன் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

“எந்தத் தண்ணி அம்மணி?”

“நம்ம கெணத்துத் தண்ணிதானுங்க.”

“கார்ல பாட்டில் தண்ணி இருக்குது. எடுத்தாரச் சொல்றேன்.”

“எதுக்குங்க? கேடு இல்லைன்னு இப்பத்தானே படிச்சாங்க. கைய நீட்டுங்க.”

சொம்பைப் பிடித்திருந்த அவள் விரல்களில் தோல் செதில் செதிலாக உரிந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார் பொங்கியண்ணன். கை மடியைவிட்டு எழவில்லை. அவள் சொம்பை மெல்லச் சாய்த்தாள். தண்ணீர் விளிம்புவரை வந்து நின்றது.

வக்கீல் பேனாவைத் திறந்து முதல் வரியின்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.