கைராசி

அவள் குப்பியின் மூடியை இன்னும் திறக்கவில்லை.

உள்ளே இருப்பது ஒரு கெண்டையின் தோல். காலையில் அவள்தான் உரித்து, அரைத்து, வடிகட்டினாள். இதில் ஒரு சொட்டு விழுந்தால் போதும், தொட்டியிலிருக்கும் கெண்டைகள் அத்தனையும் அடியில் போய் உறைந்துவிடும். தங்களில் ஒன்று கிழிபட்டிருக்கிறது, கிழித்தது பக்கத்தில்தான் இருக்கிறது என்று அவற்றுக்கு அர்த்தம்.

துணைவேந்தர் வந்திருந்தார். பொன்னாடை, பூங்கொத்து, முந்திரி பக்கோடா எல்லாம் ஆயிற்று. அறிவியல் மட்டும்தான் பாக்கி.

"தோல் கிழிஞ்சாதான் சார் இது வெளிய வரும்," என்றார் பேராசிரியர். "கிழிபட்ட மீனுக்கு ஒரு லாபமும் இல்லை. மத்த மீன் பிழைச்சுக்கும். தியாகம் சார், தியாகம்!"

துணைவேந்தர் தியாகத்துக்குத் தலையாட்டினார்.

பேராசிரியர் சட்டைக் கையை மடித்தார்.

அவர் கை நனையாமல் அங்கே எந்தச் சோதனையும் தொடங்கியதில்லை. ராசியான கையாம். அவர் விரலை நனைப்பார், அவள் சொட்டு விடுவாள். இரண்டு வருடமாக இதுதான் முறை. அறிவியல் துறையில் இதைக் கேள்வி கேட்க ஆளில்லை.

ஜவ்வாது மணக்கும் கை தண்ணீரில் இறங்கியது.

கெண்டைகள் அடிக்குப் பாய்ந்தன.

ஒன்றுகூட மிச்சமில்லை. கூழாங்கல்லோடு கூழாங்கல்லாய், துடுப்புகூட அசையாமல்.

கைதட்டல்.

அவள் குப்பியைப் பார்த்தாள். மூடி மூடியபடியே இருந்தது.

மீன்கள் கற்றுக்கொண்டுவிட்டன. ஒவ்வொரு தடவையும் முதலில் இந்த வாசம், உடனே அந்தத் தோல். இப்போது வாசமே போதும்.

அவளுக்கும் போதும். நடைவழியில் அது வரும்போதே முதுகு சுவரைத் தேடும். அவர் அறையிலிருந்து வந்த அன்று துப்பட்டாவை எத்தனை அலசியும் அது போகவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. ஆய்வேட்டில் அவர் கையெழுத்து இன்னும் விழவில்லை.

"இது பெனிட்டா சார், புதுசா சேர்ந்திருக்கு. கெட்டிக்காரப் பொண்ணு." பேராசிரியர் ஈரக் கையை அந்தப் பெண்ணின் தோளில் வைத்தார். எடுக்க மறந்தவர் மாதிரி வைத்திருந்தார். "சாயங்காலம் நம்ம ரூமுக்கு வந்துடும்மா. தலைப்பை முடிவு பண்ணிடலாம்."

கூட்டம் காபியைப் பார்த்து நகர்ந்தது.

பெனிட்டா மட்டும் தொட்டி முன்னால் நின்றாள். தோளில் நான்கு விரல் ஈரம்.

"அக்கா, நீங்க இன்னும் ஊத்தவே இல்லையே. அப்புறம் எதுக்கு இதுங்க பயந்துச்சு?"

நடைவழியில் அவர் சிரிப்பு கேட்டது. துணைவேந்தரும் சிரித்தார்.

கெண்டைகள் இன்னும் எழவில்லை.

அவள் குப்பியை மேசையில் வைத்தாள். போய்க் கதவைச் சாத்தினாள்.

"உக்காரு, பெனிட்டா."

குரல் கிழிந்துகொண்டுதான் வந்தது.