அரிசித் தட்டு

விரல் அரிசியில் பட்டதுதான் தாமதம், சுட்டுக்கொண்டவள் போல வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள் கவிப்ரியா. நாலு வயது. பேச்சு இன்னும் வரவில்லை. வீறிட்டு அழுவதற்கு மட்டும் ஒரு குறைச்சலும் இல்லை.

"அட, என்னடி உனக்கு? மேலேருந்து கீழே ஒரு கோடு. அவ்வளவுதான் தங்கம்!" ஷோபனா டீச்சர் அவள் கையைப் பிடித்து மறுபடி தட்டில் வைத்தாள். பிள்ளை உடம்பை வில்லாக வளைத்துப் பின்னால் சாய்ந்தாள். தட்டு ஆடி, அரிசி தரையெல்லாம் சிதறியது.

சிறப்புக் குழந்தைகளுக்கான அந்த மையத்தில் முதல் பாடமே இதுதான். எவர்சில்வர் தட்டில் பச்சரிசியைப் பரப்பி, விரலால் எழுத்துப் போடப் பழக்குவார்கள். பென்சில் பிடிக்க வராத பிள்ளைக்குக்கூட இது வந்துவிடும். பக்கத்துத் தட்டில் யூனுஸ் கோணல்மாணலாக 'ட' போட்டுவிட்டுக் கைதட்டிக்கொண்டிருந்தான்.

இவளுக்கு மட்டும் வரவில்லை. ஷோபனாவும் எல்லாம் செய்து பார்த்துவிட்டாள். பாட்டுப் பாடியாயிற்று, அரிசிக்கு மஞ்சள் கலர் போட்டாயிற்று, கடலை மிட்டாய் கொடுத்துக் கெஞ்சியாயிற்று. மிட்டாயைச் சமர்த்தாகத் தின்றுவிட்டுக் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள் மகராசி.

'சில பிள்ளைகளுக்குச் சொரசொரப்பாக எதுவும் கையில் படக் கூடாது. இவளுக்கும் அதுதான்' என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள் ஷோபனா. ஆனால் எரிச்சல் அடங்கவில்லை.

இன்றைக்கென்று பார்த்து மேற்பார்வையாளர் சூர்யபிரகாஷ் சார் வேறு வருகிறார். சொன்னது புரியாத பிள்ளை என்று அவர் முடிவு கட்டிவிட்டால், எழுத்து வகுப்பு அத்தோடு சரி. பக்கத்து அறைக்கு அனுப்பிவிடுவார். அங்கே பந்தை உருட்டுவதும் தூங்குவதும்தான். போன பிள்ளை எதுவும் இந்தப் பக்கம் திரும்பி வந்ததில்லை.

கவிப்ரியா நாற்காலியிலிருந்து சறுக்கி இறங்கினாள். தரையில் உட்கார்ந்து, சிதறிய அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, எட்டி மேசைமேல் இருந்த தட்டில் போட ஆரம்பித்தாள்.

"எழுதச் சொன்னா மாட்டே, பொறுக்க மட்டும் வருதாக்கும்!" ஷோபனாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

வாசலில் செருப்புச் சத்தம். சார்தான். வந்தவர் குனிந்து, "கவிப்ரியா, இதுல ஒரு கோடு போடு பார்ப்போம்" என்றார். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவர் அவள் கையைப் பிடித்துத் தட்டருகே கொண்டுபோனார். பழையபடி வீறிடல்.

"இன்னும் கொஞ்ச நாள் குடுங்க சார். எப்படியாவது கொண்டுவந்துடறேன்."

"நீங்க படற பாடு எனக்குத் தெரியுது டீச்சர். ஆனா சொல்றது புரியணுமில்ல? புரியாத பிள்ளைய எழுது எழுதுன்னா என்ன பண்ணும்? அம்மாவைக் கூப்பிடுங்க, சொல்லிடுவோம்."

வகுப்புக்குள் அம்மாக்களை விடுவதில்லை. விட்டால் பிள்ளைகள் முந்தானையை விடாது. வெளியே காத்திருந்த எழில்மொழி முதல் முறையாக உள்ளே வந்தாள். சம்பா அறுப்பு நேரம். கொள்முதல் நிலையத்தில் கொட்டிக் கிடக்கும் நெல்லைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு நேரே வந்திருந்தாள். சேலையெல்லாம் பதர் ஒட்டியிருந்தது.

"உங்க பொண்ணுக்கு நாம சொல்றது எதுவும் ஏறலைம்மா. பக்கத்து ரூமுக்கு மாத்தப்போறோம்" என்றார் சார்.

எழில்மொழிக்குக் கண் நிறைந்துவிட்டது. "வீட்லயும் அப்படித்தாங்க சார். பேர் சொல்லிக் கூப்பிட்டாகூடத் திரும்ப மாட்டா. எழுத்தாவது படிச்சுக்குவாள்னு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள், மேசையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "இதுலயா எழுதச் சொன்னீங்க? அரிசியிலயா?"

அவள் முகம் போன போக்கைப் பார்த்து ஷோபனாவுக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் குரலில் வந்துவிட்டது.

"ஏன், அரிசிக்கு என்ன? என்ன பண்ணி வச்சிருக்கீங்க பிள்ளைய? அரிசியில கை வச்சாள்னு அடிச்சீங்களா?"

"ஐயோ, அடிக்கல டீச்சர்! சத்தியமா அடிக்கல!" எழில்மொழி பதறிப்போனாள். "போன வருஷம் அறுப்பு முடிஞ்சு புது அரிசி வந்தப்ப, அண்டாவுல கைய விட்டு வாரி வாரி இறைச்சா. சாப்பிடற பொருள்ல விளையாடக் கூடாது கண்ணுன்னு சொன்னேன். அதட்டக்கூட இல்ல."

கீழே கவிப்ரியா, நாற்காலிக் காலடியில் கிடந்த அரிசியையும் விடாமல் எடுத்துத் தட்டில் போட்டாள்.

"ஒரே ஒரு தடவைதான் டீச்சர் சொன்னேன்!"