ஒட்டகத்துக்குப் பின்னால் ஒரு சிங்கம்

மழை ஓயாத ஒரு பட்டணத்தில், பாலைவனத்தைப் பார்த்தே இராத ஒரு சித்திரக்காரர் மரக்கட்டையில் பாலைவனத்தைச் செதுக்கிக்கொண்டிருந்தார். யாரோ ஒரு பயணியின் புத்தகத்தில் அச்சடிக்க வேண்டிய படம். ஒரு கூடாரம், ரொட்டி சுடும் பெண், துப்பாக்கியைப் பக்கத்தில் போட்டுவிட்டுக் காபி குடிக்கும் கிழவர், படுத்து அசைபோடும் ஒட்டகம். பயணி வரைந்து அனுப்பியது அவ்வளவுதான்.

பதிப்பாளர் வந்து பார்த்தார். "தூக்கம் வருதுய்யா. ஒரு சிங்கத்தைப் போடு."

முதுகுக்குப் பின்னால் கரகரவென்று சத்தம் கேட்டதும் படத்திலிருந்த ஒட்டகம் அசைபோடுவதை நிறுத்தியது.

"உளியண்ணே, அங்கே என்ன செதுக்குறீங்க?"

"சிங்கம்."

"ஐயோ! நாங்க இருக்கிற பக்கம் சிங்கமே கிடையாதே! அந்தப் பெரியவர் தலையையாவது கொஞ்சம் திருப்பி விடுங்க. துப்பாக்கி பக்கத்துலதான் கிடக்கு."

"அவர் திரும்பினா சுட்டுடுவாரு. அப்புறம் புத்தகத்தை எவன் வாங்குவான்?"

ஒட்டகத்தின் பிடரியில் சூடாக மூச்சு பட்டது.

"பயப்படாதே," என்றது சிங்கம் மெதுவாக. "எனக்குப் பின்னங்காலே செதுக்கலை. பாறையை வச்சு மறைச்சுட்டாங்க. நான் எப்படிப் பாய்வேன்?"

அப்புறம்தான் ஒட்டகத்துக்கு உயிரே வந்தது.

மறுநாள் பதிப்பாளர் சிங்கத்தை வெகுநேரம் ரசித்தார். "பிரமாதம்! ஆனா இன்னும் யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

சித்திரக்காரர் உளியைத் தீட்டினார். அது சிங்கத்தின் பக்கம் போகவே இல்லை. காயம் போட நேராக ஒட்டகத்தின் கழுத்துக்கு வந்தது.

பார்க்கச் சகிக்காமல் சிங்கம் கண்ணை மூடிக்கொண்டது.