ரொக்கம் வேண்டாம்

“அடுத்த மாசத்துலேர்ந்து நீங்க மாடி ஏறி வர வேண்டாம்க்கா.”

மனைவி சொன்னது, ஹாலில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த அவன் காதில் விழுந்தது.

அந்த அக்கா வாரத்தில் இரண்டு நாள் வந்து துணி துவைத்துக் கொடுப்பவள். லிஃப்ட் இல்லாத நாலாவது மாடி. முழங்காலைப் பிடித்துக்கொண்டே ஏறி வருவாள். ஆனாலும் ஒரு நாள் மட்டம் போட்டதில்லை.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு மெல்ல இறங்கிப் போனாள்.

அவனுக்கு மனசு கேட்கவில்லை. வாஷிங் மெஷின் வாங்க வேண்டும் என்று மனைவி ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்காக இப்படி ஒரே போடாகவா போடுவது? கேட்டால், “சாயங்காலம் கடைக்குப் போகணும், சீக்கிரம் வாங்க” என்றாள். அதோடு பேச்சு முடிந்தது.

அச்சகத்தில் அவனுக்குப் போனஸ் வந்திருந்தது. மெஷினுக்குத் தாராளமாகப் போதும். நோட்டுக்கட்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு மிடுக்காகத்தான் கடைக்குள் நுழைந்தான்.

“ரொக்கம் வேண்டாம். வட்டியில்லாத் தவணைல போட்டுக்கலாம். என் சம்பளக் கணக்குலேர்ந்து போகட்டும்” என்றாள் அவள்.

“கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலையணுமா?”

“வெண்ணெய் பேங்க்ல பத்திரமா இருக்கட்டும். நாளைக்கே போட்டுடுங்க.”

மருந்துக்கடையில் கவுன்ட்டர் பார்க்கிறவள் அவள். சீட்டை இரண்டு தடவை படிக்காமல் மாத்திரையை எடுக்க மாட்டாள். இங்கேயும் அதே கதைதான். ரொக்கம் கொடுத்தால் விலை குறையுமா என்று முதலில் கேட்டாள். இல்லை, இரண்டுக்கும் ஒரே விலைதான் என்றார் விற்பனையாளர். ஒரு தவணை தவறினால் என்ன அபராதம், முன்னாலேயே கட்டி முடித்தால் ஏதாவது பிடிப்பார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டாள். பில்லின் அடியில் ‘பரிசீலனைக் கட்டணம்’ என்று பொடி எழுத்தில் ஒரு தொகை இருந்தது.

“வட்டியை முன்வாசல்ல அனுப்பிட்டு, பின்வாசல் வழியா கூட்டிட்டு வர்றீங்களே?”

விற்பனையாளர் அசடு வழியச் சிரித்துவிட்டு மேனேஜரிடம் போனார். திரும்பி வந்தபோது பில்லிலிருந்து அந்தத் தொகை நீக்கப்பட்டிருந்தது. ஆனால் மனிதர் விடவில்லை. இதே திட்டத்தில் பெரிய டிவி ஒன்றும் எடுத்துக்கொள்ளலாம், மாசத்துக்குக் கொஞ்சம்தான் கூடும் என்றார்.

“வட்டி இல்லேங்கறதுக்காகத் தேவை வந்துடுமா?” என்றாள்.

அவனுக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது. இருந்தாலும் காலையில் பார்த்த அந்த ஈரக் கண்கள் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தன. இத்தனை கெட்டிக்காரத்தனமும் ஓர் ஏழையின் வயிற்றில் அடிக்கத்தானா? மெஷினும் மூன்று பேர் குடும்பத்துக்கு ரொம்பப் பெரிசு. வழியெல்லாம் அவன் இரண்டடி முன்னாலேயே நடந்தான்.

இரண்டு நாள் கழித்து, மெஷின் வரும் நேரத்துக்கு அச்சகத்தில் அனுமதி கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான். நாலு மாடி தூக்க வேண்டுமே, கூட ஒரு கை கொடுக்கலாம் என்று.

கடை வண்டி வந்தது. வாசலில் நிற்காமல் பின்சந்துக்குள் திரும்பியது.

“ஏய், வீடு இதுதாம்ப்பா” என்று பின்னாலேயே ஓடினான்.

சந்தின் கோடியில், கீழ்த்தளத்தில் ஒற்றை அறை வீடு. துணி துவைக்கும் அக்காவின் வீடு. வாசலில் அவன் மனைவி நின்றுகொண்டு, தண்ணீர்க்குழாய் எந்தப் பக்கம், பிளக் எந்தப் பக்கம் என்று ஆட்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். அக்கா மெஷினின் மூடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவனைப் பார்த்ததும் அக்காதான் முதலில் பேசினாள்.

“தப்பா நினைக்காதீங்க தம்பி. வந்து இறங்கற வரைக்கும் யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்னு நான்தான் கேட்டுக்கிட்டேன். நடுவுல தட்டிப்போச்சுன்னா, கேலியாப் போயிடுமே.”

இனி அக்கா மாடி ஏற வேண்டியதில்லை. அவன் குடியிருந்த கட்டடத்திலிருந்தே எட்டு வீட்டுத் துணி அக்காவைத் தேடிக் கீழே வரப்போகிறது. மனைவி ஒவ்வொரு வீடாகப் போய்ப் பேசி வைத்திருந்தாள். வரும் கூலியிலிருந்து மாசாமாசம் தவணைப் பணத்தை அக்கா அவளிடம் கொடுத்துவிடுவாள். சும்மா கொடுத்தால் வாங்கிக்கொள்கிற ஆள் இல்லை அக்கா.

அவன் மனைவியைத் தனியாக அழைத்து மெதுவாகக் கேட்டான்.

“ஒரு மாசம் அவங்களால முடியலேன்னா?”

“அதுக்குத்தான் உங்க போனஸைத் தொட விடல. அது பேங்க்ல இருக்கற வரைக்கும் தவணை தவறாது.”

“அவங்க பேர்லயே வாங்கியிருக்கலாமே?”

“கேட்டுப் பார்த்தேன். சம்பளச் சீட்டு இருக்கறவங்களுக்குத்தான் வட்டி இல்லையாம். அவங்களுக்கு வெளியில வட்டிக்குத்தான் கிடைக்கும்.”

அவன் மெஷினைத் திரும்பிப் பார்த்தான்.

“அதான், கடைக்காரர் எனக்குக் கொடுத்த கடனை, வாங்கின விலைக்கே அக்காவுக்குக் கொடுத்துட்டேன்.”