பன்னிரண்டில் எட்டு

"எம் புள்ள முகம் ஒண்ணுலயாச்சும் விழுந்திருக்கா தம்பி?"

ஸ்டூடியோ படியில் கால் வைக்கும்போதே பாக்கியமேரி கேட்டுவிட்டாள். பின்னால் வந்த அவள் கணவர் இருதயநாதன், திருவெறும்பூரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பில் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

பாலக்கரையில் அந்தச் சின்ன ஸ்டூடியோவை வைத்திருந்த பிலோமின்ராஜ் ஒரு கவரைப் பிரித்துப் படங்களை மேஜையில் வரிசையாகப் பரப்பினான். எட்டுப் படங்கள். எட்டிலும் வெள்ளை வெளேரென்று பனிமலை. காலில் நீளப் பலகைகள் மாட்டி, இரண்டு கைகளிலும் கம்பு பிடித்துச் சறுக்கி வரும் ஒருவன். முதல் படத்தில் எறும்பளவு தெரிந்தவன், எட்டாவதில் விரலளவு ஆகியிருந்தான்.

"இது அந்த கோவிந்த் சிங்," என்றார் இருதயநாதன். "இன்னாசியோட சினேகிதன். அவன்தான் எழுதியிருந்தானே மேரி, 'கோவிந்து மேலேருந்து சறுக்கி வருவான், நான் கீழ நின்னு பன்னிரண்டு படமும் அவனையே விடாம எடுக்கப் போறேன், வரிசையா அடுக்கிப் பார்த்தா சினிமா மாதிரி ஓடும்'னு."

மகன் இன்னாசிராஜ் எழுதிய கடைசிக் கடிதம் அது. பட்டாளத்தில் சேர்ந்து காஷ்மீருக்குப் போனவன், எழுபத்தெட்டு ஜனவரியில் பனிச்சரிவில் புதைந்து போனான். கூடவே கோவிந்த் சிங்கும். பனி உருகிய பிறகுதான் இருவரையும் எடுக்க முடிந்தது. இன்னாசியின் கழுத்தில் கிடந்த கேமரா, எங்கெங்கோ சுற்றிவிட்டு அவனுடைய டிரங்குப் பெட்டியோடு போன மாதம்தான் வீடு வந்து சேர்ந்தது. உள்ளே ஒரு பிலிம் ரோல். அதைத்தான் கழுவிப் படம் போட்டுத் தரச் சொல்லி இங்கே கொடுத்திருந்தார்கள்.

வருகிற இருபதாம் தேதி வருஷப் பூசை. மாட்டி வைக்க வீட்டில் இருந்ததோ பத்தாம் வகுப்பில் எடுத்த தபால்தலை அளவுப் படம் ஒன்றுதான். மீசை வைத்து, யூனிபாரம் போட்ட மகனை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று அந்தத் தாய்க்கு உயிர் துடித்தது.

"பன்னிரண்டுன்னு எழுதினான். எட்டுதானே இருக்கு?"

"மிச்சம் நாலும் கறுத்துப் போச்சும்மா. தண்ணி எறங்கியிருக்கு."

"அந்த நாலுல எம் புள்ள இருந்திருப்பானோ? 'நீ போய் நில்லு, நான் எடுக்கிறேன்'னு கடைசியில ஒண்ணாச்சும் இந்தக் கோவிந்து எடுத்திருப்பானே?"

"தெரியலம்மா."

"அந்த நெகடிவையாச்சும் குடுங்க தம்பி," என்றார் இருதயநாதன். "மெட்ராஸ்ல யாராச்சும் சரி பண்ணுவாங்களான்னு பார்க்கிறேன்."

"குப்பையில போட்டுட்டேங்க."

பாக்கியமேரி அவனை வெறித்துப் பார்த்தாள். "போட்டுட்டீங்களா? செத்த புள்ள கழுத்துலேருந்து வந்தது தம்பி அது. எப்படி மனசு வந்துச்சு உங்களுக்கு?"

பிலோமின்ராஜ் தலை குனிந்துகொண்டான். அவள் திட்டட்டும் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. அவளுடைய கோபம் இப்போது படத்தில் இருந்தவன் மேல் பாய்ந்தது.

"எல்லாம் இந்தப் பாவியாலதான். இவன் படம் எடுக்கக் கூப்பிடலன்னா எம் புள்ள அந்த இடத்துக்கே போயிருக்க மாட்டான். எட்டுலயும் எப்படி ஒய்யாரமா வரான் பாருங்க!"

"அப்படிச் சொல்லாதீங்கம்மா..." என்று ஆரம்பித்த பிலோமின்ராஜ் சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

அவள் கேட்கவில்லை. முதல் படத்தைக் கண்ணருகே கொண்டு போயிருந்தாள். "இது என்ன தம்பி, கீழ கறுப்பா?"

"நிழலும்மா. வெயில் முதுகுல அடிச்சா, எடுக்கிறவங்க நிழலும் சேர்ந்து விழுந்துடும். புதுசா எடுக்கிறவங்க எல்லாருக்கும் இப்படி ஆகும்."

பனியில் நீளமாக ஒரு நிழல். குனிந்த தலை, மார்போடு அணைத்த கைகள்.

"எடது தோளு எறங்கியிருக்கு பாருங்க," என்றாள் கணவரிடம். குரல் உடைந்துவிட்டது. "அவன் அப்படித்தானே நிப்பான். தம்பி, இதைப் பெருசு பண்ணிக் குடுங்க. பூசைக்கு இதையே வச்சுக்கிறேன்."

"சனிக்கிழமை தரேம்மா," என்றான் பிலோமின்ராஜ்.

இருதயநாதன் எழுந்து மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆபீசர் எழுதினது ஒண்ணுதான் ஆறுதல் தம்பி. எம் புள்ளைக்கு முதுகுப்பக்கத்து மலையிலேருந்து பனி சரிஞ்சு வந்துச்சாம். கண்ணு மூடித் திறக்கிறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுதாம். யாரும் எதுவும் செஞ்சிருக்க முடியாது. இல்லீங்களா?"

"ஆமாங்க. யாராலயும் முடியாது."

இருவரும் பஸ் ஸ்டாப் பக்கம் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு உள்ளே போய் மேஜை இழுப்பறையைத் திறந்து, மீதி நாலு படங்களையும் எடுத்தான்.

ஒன்பதாவதில் கோவிந்த் சிங் சறுக்குவதை நிறுத்திவிட்டு, கேமராவைத் தாண்டிப் பின்னால் எதையோ பார்த்தான். பத்தாவதில் கம்புகளை வீசியெறிந்து, இரண்டு கைகளையும் ஆட்டினான். பதினொன்றில் 'அந்தப் பக்கம் ஓடு' என்று வாயைப் பிளந்து கை காட்டினான். பன்னிரண்டாவதில் கேமராவை நோக்கியே பாய்ந்து வந்துகொண்டிருந்தான், கையை நீட்டியபடி.

அந்தக் கேமராவில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே சுருளைத் திருக ஐந்து விநாடியாவது வேண்டும். நண்பன் வேடிக்கை காட்டுகிறான் என்று நினைத்து இன்னாசிராஜ் ஒவ்வொரு தடவையும் நிதானமாகத் திருகி எடுத்திருந்தான். நாலு படங்களும் துளிகூட ஆடாமல், அவ்வளவு தெளிவாக விழுந்திருந்தன.